வரி பாக்கிக்காகச் சொத்தை எடுக்க வந்தால்: கோலாலம்பூர், பினாங்கு குடும்பங்களுக்கான முழுமையான வழிகாட்டி

கடிதம் கையில் கிடைத்ததும் எல்லாரும் தொகையைத்தான் பார்ப்பார்கள். அதற்கு முன் கடிதத்தின் தலைப்பைப் பாருங்கள். சுக்காய் பிந்து (வீட்டு மதிப்பீட்டு வரி) கேட்பது ஊராட்சி மன்றம், சுக்காய் தானா (நில வரி) கேட்பது நில அலுவலகம், வருமான வரி கேட்பது எல்எச்டிஎன் (உள்நாட்டு வருமான வரி வாரியம்). மூவரும் அரசுதான். ஆனால் மூவருக்கும் சட்டம் வேறு, அவர்கள் எடுத்துப் போகக் கூடியதும் வேறு. மாநகர் மன்றம் வீட்டில் இருக்கும் பொருள்களை எடுக்கும். நில அலுவலகம் நிலத்தையே எடுக்கும். எல்எச்டிஎன் பெரும்பாலும் நீதிமன்றம் வழியாக வங்கிப் பணத்துக்கு வரும், அதற்கு முன்பே வெளிநாட்டுப் பயணத்தைத் தடுத்துவிடும்.

இதில் பலருக்குத் தெரியாத கோணல் ஒன்று உண்டு. மூன்றிலும் மிகச் சிறிய பில் பெரும்பாலும் சுக்காய் தானாதான். ஒரு சாதாரணத் தரை வீட்டுக்கு ஆண்டுக்கு ஒரு குடும்பத்தின் ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டுச் செலவைத் தாண்டாத நேரமும் உண்டு. அதைக் கட்டாமல் விட்டால்தான் வீடும் நிலமும் சேர்ந்து போகும். எல்எச்டிஎன் கடிதத்துக்கு நடுங்குகிறவர்கள் நில அலுவலகக் கடிதத்தை டிவி மேல் போட்டு வைத்திருப்பதை அடிக்கடி காணலாம்.

எந்த அலுவலகம் உங்களுடையது?

செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், கெப்போங், ஜாலான் ஈப்போ பக்கத்து வீடுகளுக்குச் சுக்காய் பிந்து கோலாலம்பூர் மாநகர் மன்றமான டிபிகேஎல்-க்குப் போகிறது. தலைமையகம் ஜாலான் ராஜா லாவுட்டில் உள்ளது. பத்துமலைக்காரர்கள் பேச்சு வழக்கில் கேஎல் என்றாலும் அது சிலாங்கூர். மன்றம் வேறு, நில அலுவலகமும் வேறு. பினாங்குத் தீவில் ஜார்ஜ்டவுன், ஜெலுத்தோங், ஆயர் ஈத்தாம், பாயான் லெப்பாஸ் எல்லாம் பினாங்குத் தீவு மாநகர் மன்றம், எம்பிபிபி. பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம் எல்லாம் செபராங் பிறை மாநகர் மன்றம், எம்பிஎஸ்பி. சுக்காய் தானா இவர்களில் யாருக்கும் போவதில்லை. கோலாலம்பூரில் அது கூட்டரசுப் பிரதேச நில அலுவலகத்துக்கும், பினாங்கில் மாநில நில நிர்வாகத்துக்கும் போகிறது. மன்றக் கவுண்டரில் சுக்காய் பிந்து கட்டிவிட்டு "வீட்டு வரி எல்லாம் முடிந்தது" என்று நினைப்பவர்கள்தான் பின்னால் சிக்கிக்கொள்கிறார்கள்.

சுக்காய் பிந்து: பில் முதல் வாரான் வரை

1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம், அதாவது சட்டம் 171, இதற்கு அடிப்படை. வரி அரையாண்டுக்கு ஒரு தடவை முன்கூட்டியே வசூலிக்கப்படுகிறது. ஜனவரி பில்லுக்குக் கடைசி நாள் பிப்ரவரி இறுதி, ஜூலை பில்லுக்கு ஆகஸ்டு 31. அந்த நாள் தாண்டியதும் அபராதக் கட்டணத்தோடு ஒரு நோட்டீஸ் வரும். அது போராங் ஈ (போராங் என்றால் படிவம்). அதில் குறித்த காலத்துக்குள்ளும் கட்டவில்லையென்றால் தொகை சட்டப்படி பாக்கியாகிவிடும். அதன்பின் மன்றம் வாரான் (பொருளை எடுக்கும் ஆணை) பிறப்பிக்கலாம். அது போராங் எஃப். இதற்கு அவர்கள் முதலில் வழக்குப் போட்டு நீதிபதியின் அனுமதி வாங்க வேண்டியதில்லை. பலர் "கோர்ட்டு ஆர்டர் எங்கே?" என்று வாசலில் வாதாடிப் பொழுதைக் கழிப்பார்கள், அந்த வாதம் இங்கே செல்லாது.

வாரானை வைத்து, பாக்கிக்காரருடைய அசையும் பொருள்களை எடுக்கலாம். அது மட்டுமல்ல, பாக்கி உள்ள அந்த வீட்டில் இருக்கும் அசையும் பொருள் எதையும், அது யாருடையதாக இருந்தாலும், எடுக்கலாம் என்று 148-ஆவது பிரிவு சொல்கிறது. வாடகைக்கு இருப்பவரின் ஃபிரிட்ஜ், மருமகனின் மோட்டார் சைக்கிள், தவணையில் வாங்கிய டிவி எல்லாமே இதற்குள் வரும். பகலில் பூட்டை உடைத்து உள்ளே போகவும் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. எடுத்ததற்கு ஒரு பட்டியல் எழுத வேண்டும், வீட்டில் இருப்பவரிடம் விற்பனை நோட்டீஸ் கொடுக்க வேண்டும். எடுத்த நாளிலிருந்து 7 நாளுக்குள் பாக்கியும் செலவும் கட்டப்படாவிட்டால் பொருள்கள் பொது ஏலத்துக்குப் போகும்.

அந்த 7 நாளை எப்படிப் பயன்படுத்துவது என்பதுதான் முக்கியம்.

படி 1. வாசலிலேயே அதிகாரியின் அடையாள அட்டையையும் வாரானையும் கேளுங்கள். வாரானில் மூன்றைச் சரிபாருங்கள்: வீட்டு முகவரி, கணக்கு எண், தொகை. லோரோங் (சந்து) எண்ணோ பிளாக் எண்ணோ மாறியிருந்தால் அந்த இடத்திலேயே சொல்லி, போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக் கணக்கு எண் பழைய பில்லில் இருக்கும். பில் இல்லாவிட்டால் மன்றத்தின் இணையத் தளத்தில் முகவரி அல்லது அடையாள அட்டை எண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம்.

படி 2. தடுக்காதீர்கள், பொருளைப் பக்கத்து வீட்டுக்கு மாற்றாதீர்கள். வாரானை நிறைவேற்ற வந்தவரை மறிப்பது தனிக் குற்றமாகி, சின்ன விஷயம் பெரிதாகும். பணம் கையில் இருந்தால் கட்டத் தயார் என்று சொல்லுங்கள். ஆனால் அதிகாரபூர்வ ரசீது உடனே கிடைக்காத எந்தக் கட்டணத்தையும் யார் கையிலும் கொடுக்காதீர்கள். கைபேசியிலேயே மன்றத்தின் சொந்தத் தளத்தில் அல்லது செயலியில் கட்டி, ரசீதைக் காட்டுவது நல்லது.

படி 3. பட்டியலை வரி வரியாகப் படியுங்கள். "டிவி 1" என்று மட்டும் எழுதியிருந்தால் பிராண்டு, அளவு, வரிசை எண் சேர்க்கச் சொல்லுங்கள். பின்னால் திரும்ப வாங்கும்போது சண்டை வருவது இங்கேதான். ஒரு பிரதி கையில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். உங்களுக்குச் சொந்தமில்லாத பொருள் பட்டியலில் இருந்தால் யாருடையது என்று பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். அதை அவர்கள் விட்டுவிட மாட்டார்கள் என்றாலும், எழுத்தில் இருப்பது பின்னால் உதவும்.

படி 4. மறுநாளே மன்றத்தின் வசூல் பிரிவுக்குப் போங்கள். கேட்க வேண்டியது மொத்தத் தொகை அல்ல, ஆண்டுவாரியான விவர அறிக்கை. அதில் வரி எவ்வளவு, அபராதம் எவ்வளவு, வாரான் செலவு எவ்வளவு என்று தனித்தனியாக இருக்கும். முன்பு கட்டிய ரசீது எதுவும் வேறு கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய உரிமையாளர் பெயரில் தனிக் கணக்கு ஓடிக்கொண்டிருப்பதும், இரண்டு வீடு வைத்திருப்பவர் ஒரே கணக்கில் இரண்டு தடவை கட்டியிருப்பதும் வழக்கமாக நடக்கும் கோளாறுகள்.

படி 5. முழுத் தொகை இல்லையென்றால் அன்றைக்கே தவணைக் கடிதம் கொடுங்கள். அதில் "கஷ்டத்தில் இருக்கிறேன், கருணை காட்டுங்கள்" என்று எழுதுவதைவிட ஒரு கணக்கு எழுதுவது பலன் தரும். உதாரணமாகப் பாக்கி 3,600 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். முதலில் 600 ரிங்கிட், பிறகு மாதம் 300 ரிங்கிட் வீதம் 10 மாதம், கூடவே புதிய அரையாண்டு பில்லை அதன் நாளிலேயே கட்டுவேன் என்று எழுதுங்கள். புதிய பில்லைக் கணக்கில் சேர்க்காமல் தவணை பேசுவதுதான் பெரிய தவறு. 10 மாதம் முடிவதற்குள் மறுபடியும் பாக்கி விழுந்து ஒப்பந்தம் முறிந்துவிடும். கடிதத்தோடு அடையாள அட்டை நகல், 3 மாதச் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு நகல் இணையுங்கள். பெறப்பட்ட முத்திரை குத்திய பிரதியை வாங்கி வையுங்கள். வாரான் நிறுத்தப்பட்டது என்பதற்கு எழுத்தில் ஏதாவது வரும்வரை அது உயிரோடு இருப்பதாகவே நினைத்துக்கொள்ளுங்கள். கவுண்டரில் ஒருவர் "பரவாயில்லை அங்கிள்" என்று சொன்னது ஏல நாளில் நிற்காது.

படி 6. எடுத்ததே சட்டப்படி தவறு என்று உங்களுக்கு ஆதாரம் இருந்தால், மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் நடவடிக்கையை நிறுத்தி வைக்க மனு செய்யலாம். ஏற்கெனவே கட்டிய ரசீது இருக்கிறது, வீடு மாறி வந்துவிட்டார்கள் என்பவை நல்ல காரணங்கள். 7 நாளுக்குள் இதைச் செய்ய வழக்கறிஞர் தேவைப்படும். வசதியில்லாதவர்கள் அரசாங்கத்தின் சட்ட உதவி இலாகாவை அணுகலாம்; வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்கள் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் உண்டு.

"வரி ரொம்பக் கூட, அதனால் கட்டவில்லை" என்பது இங்கே காரணமே ஆகாது. வரி கணக்கிடப்படும் ஆண்டு மதிப்பு தவறு என்றால் அதற்கு வேறு வழி இருக்கிறது. புதிய மதிப்பீட்டுப் பட்டியல் வெளியாகும்போது, திருத்தத்துக்கு என்று குறித்த நாளுக்குக் குறைந்தது 14 நாளுக்கு முன் எழுத்து மூலம் ஆட்சேபம் கொடுக்க வேண்டும். மதிப்பு அதிகம், வரிக்கு உட்படாத இடம், தனித்தனியாக மதிப்பிட வேண்டியதைச் சேர்த்து மதிப்பிட்டிருக்கிறார்கள் என்பன போன்றவற்றைத்தான் சட்டம் ஏற்கிறது. கட்ட வசதியில்லை என்பது அந்த வரிசையில் கிடையாது. ஆட்சேபம் நடக்கும்போதும் பில்லைக் கட்டிக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு

வீட்டுக்காரர் கட்டாத வரிக்கு உங்கள் பொருள் போகும் என்பது அநியாயமாகத் தெரியலாம். சட்டம் அதற்கு ஒரு மருந்தும் வைத்திருக்கிறது. பொருள் போகாமல் இருக்க, வாடகைக்காரர் பாக்கியைக் கட்டிவிட்டால், வேறு மாதிரி எழுத்து ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், அந்தத் தொகையை வாடகையிலிருந்து கழித்துக்கொள்ளலாம். பணம் முழுதாகத் திரும்பும்வரை வீட்டிலேயே இருக்கலாம். ஆகவே செய்ய வேண்டியது இது: முதலில் வாடகை ஒப்பந்தத்தை எடுத்து, வரியைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பிறகு மன்றக் கவுண்டரில் உங்கள் பெயர் தெரிகிற மாதிரி கட்டி, ரசீது வாங்குங்கள். அதே நாளில் வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பிலும் பதிவுத் தபாலிலும் ரசீதின் படத்தோடு தகவல் அனுப்புங்கள். எந்த மாத வாடகையிலிருந்து எவ்வளவு கழிக்கிறீர்கள் என்றும் எழுதுங்கள். சொல்லாமல் வாடகையை நிறுத்தினால் அது வாடகை பாக்கியாகி, தவறு உங்கள் பக்கம் வந்துவிடும்.

வீடு வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சுக்காய் பிந்து பாக்கி ஆளோடு போவதில்லை, வீட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும். விற்றவரும் வாங்கியவரும் 3 மாதத்துக்குள் மன்றத்துக்கு அறிவிக்க வேண்டும். அதற்குப் போராங் ஐ, போராங் ஜே. இதைச் செய்யாததால்தான் விற்றுவிட்டுப் போன மாமாவின் பெயரிலேயே பல ஆண்டுகளாகப் பில் வருகிறது.

சுக்காய் தானா: இங்கேதான் கண்ணை மூடக் கூடாது

தேசிய நிலச் சட்டத்தின்படி நில வரி ஜனவரி 1-ஆம் தேதியே செலுத்தத்தக்கதாகிவிடும். மே 31 வரை அவகாசம். ஜூன் 1 முதல் பாக்கி, கூடவே தாமதக் கட்டணம். பில் வீட்டுக்கு வர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை என்று நினைத்துக்கொண்டு, மே மாதத்துக்குள் நீங்களே போய்ப் பார்த்துக்கொள்வது நல்லது.

பாக்கி நீண்டால் நில நிர்வாகி போராங் 6ஏ அனுப்பலாம். இந்த ஒரு தாளைத்தான் வீட்டில் எல்லாருக்கும் அடையாளம் காட்டி வைக்க வேண்டும். அது கையில் கொடுக்கப்பட்ட நாளிலிருந்து 3 மாதம். அந்த 3 மாதத்துக்குள் கேட்ட தொகை முழுவதும் கட்டப்படாவிட்டால், 100-ஆவது பிரிவின்படி நிலம் மாநில அரசுக்கு (கோலாலம்பூரில் கூட்டரசுக்கு) பறிமுதல் என்று உத்தரவு வரும். முழுவதும் என்ற சொல்லைக் கவனியுங்கள். பாதி கட்டிவிட்டு "கொஞ்சம் கட்டியாச்சு, விடுவார்கள்" என்று உட்கார்ந்தால் கெடு நிற்காது. தவணை கேட்பதாக இருந்தால், 6ஏ வருவதற்கு முன் கேளுங்கள். வந்தபின் கேட்டால் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள்.

"எனக்குக் கடிதமே வரவில்லை" என்ற வாதத்துக்கும் அளவு உண்டு. கடைசியாகத் தெரிந்த முகவரியில் விட்டுப் போகலாம், பதிவுத் தபாலில் அனுப்பலாம். ஆளைக் காணவில்லையென்றால் நிலத்திலேயே ஒட்டலாம், நாளிதழில் விளம்பரம் கொடுக்கலாம். தோட்டப்புறத்திலிருந்து நகரத்துக்கு வந்து, நகரத்தில் மூன்று தடவை வீடு மாறிய குடும்பத்தின் கிரானில் (நில உரிமைப் பத்திரத்தில்) இன்னும் பழைய முகவரிதான் இருக்கும். முகவரியை மாற்ற நில அலுவலகத்தில் ஒரு விண்ணப்பம் போதும்.

6ஏ பிறப்பிக்கப்பட்டதும் அது நிலப் பதிவேட்டில் குறிக்கப்படும். நிலத்தை ஈடாக வைத்திருக்கும் வங்கி, குத்தகைக்காரர் போன்றவர்களுக்கும் பிரதி போகும். வங்கி பெரும்பாலும் பணத்தைக் கட்டிவிட்டு, அதை உங்கள் வீட்டுக் கடனில் சேர்த்துவிடும். திடீரென்று மாதத் தவணை ஏறினால் காரணம் இதுவாக இருக்கலாம். கடன் அடைந்து முடிந்த வீடுகளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே 30 ஆண்டு கடனைக் கட்டி முடித்து, கிரானை அலமாரியில் வைத்த ஓய்வுபெற்றவர்கள்தான் அதிகக் கவனமாக இருக்க வேண்டியவர்கள்.

சந்தேகம் இருந்தால் நில அலுவலகத்தில் சிறு கட்டணம் கட்டி ஒரு சாரியான் (நிலப் பதிவேட்டைத் தேடி எடுக்கும் நகல்) எடுங்கள். அதில் உரிமையாளர் பெயர், வங்கி ஈடு, 6ஏ குறிப்பு, பறிமுதல் குறிப்பு எல்லாம் தெரியும். அதற்குக் கிரானில் உள்ள எண், லோட் எண், முக்கிம் (வட்டாரம்) அல்லது பண்டார் (நகரம்) பெயர் தேவை. கிரான் காணாமல் போயிருந்தால் பழைய நில வரி ரசீதில் இவை இருக்கும்.

கட்டியபின் ரசீதோடு விட்டுவிடாதீர்கள். 6ஏ குறிப்பு நீக்கப்பட்டதா என்று சில வாரம் கழித்து மறுபடியும் ஒரு சாரியான் எடுத்துப் பாருங்கள். குறிப்பு அப்படியே கிடந்தால் விற்கும்போதும் மறுகடன் எடுக்கும்போதும் கோப்பு நின்றுவிடும்.

பறிமுதல் அறிவிப்பு அரசாங்க இதழில் வெளியானதும், நிலம் எந்த உரிமையும் ஈடும் இல்லாமல் மாநில அரசுக்குப் போய்விடும். மேலே நிற்கும் கட்டடத்துக்கும் இழப்பீடு கிடையாது. அதன் பிறகு இரண்டு வழி. ஒன்று, பறிமுதலை ரத்து செய்யும்படி மாநில அதிகாரத்துக்கு விண்ணப்பம் செய்வது. அதற்குப் பாக்கி மட்டும் போதாது, கூடுதல் தொகையும் கட்ட வேண்டிவரும், முடிவும் அவர்கள் கையில். மற்றொன்று, முடிவு தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து 3 மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு. சட்டம் சொன்ன நடைமுறையை நில அலுவலகம் பின்பற்றவில்லை என்று காட்ட முடிந்தால்தான் அதற்குப் பலம். நோட்டீஸ் சரியாகக் கொடுக்கப்பட்டதா என்பதே பெரும்பாலும் சண்டையின் மையம். "மறந்துவிட்டோம்" என்பது முறையீட்டுக்குக் காரணமாகாது, ரத்து விண்ணப்பத்தில் வேண்டுமானால் எழுதலாம்.

அடுக்குமாடி வீடுகளுக்கு நில வரிக்குப் பதில் இப்போது சுக்காய் பெத்தாக். முன்பு கட்டட நிர்வாகம் மொத்தமாகக் கட்டிப் பங்கு பிரிக்கும். இப்போது ஒவ்வொரு உரிமையாளருக்கும் தனி பில். கோலாலம்பூரில் 2020 முதல் இந்த முறை. மாதப் பராமரிப்புக் கட்டணத்தில் இது சேர்ந்திருக்கிறது என்று இன்னும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் வேறு. ஸ்ட்ராட்டா கிரான் (அடுக்குமாடி வீட்டுக்கான தனி உரிமைப் பத்திரம்) உங்கள் பெயரில் வந்திருந்தால் பெத்தாக் பில்லும் உங்கள் பொறுப்பு.

அப்பா பெயரில் வீடு, அப்பா இல்லை

கோப்புகளில் பாதிச் சிக்கல் இதுதான். கணவர் பெயரில் கிரான், அவர் இறந்து பல ஆண்டாகியும் பெயர் மாற்றப்படவில்லை, பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில். "அண்ணன் கட்டியிருப்பார்" என்று தம்பியும், "தங்கைதானே வீட்டில் இருக்கிறாள்" என்று அண்ணனும் நினைக்க, யாருமே கட்டியிருக்க மாட்டார்கள்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, வரி கட்டப் பெயர் மாற்ற வேண்டியதில்லை. கணக்கு எண் இருந்தால் யார் வேண்டுமானாலும் கட்டலாம். ஆகவே பங்கு பிரிப்பதில் சண்டை நடந்தாலும் முதலில் பாக்கியை அடையுங்கள். யார் கட்டினார்கள் என்ற ரசீதுகளை ஒரே ஃபைலில் வையுங்கள், பங்கு பிரிக்கும்போது கழித்துக்கொள்ளலாம். நிலத்தை அரசு எடுத்துவிட்டால் பிரிப்பதற்கே ஒன்றும் இருக்காது.

அடுத்தது பெயர் மாற்றம். உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்தில் நிலம் இருந்து, மொத்த மதிப்பு 50 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டாவிட்டால், 1955-ஆம் ஆண்டு சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டத்தின்படி நில அலுவலகத்தின் பூசாக்கா (இறந்தவர் சொத்து) பிரிவில் போராங் ஏ கொடுத்து விசாரணைக்குப் போகலாம். இறப்புச் சான்றிதழ், கிரான் நகல் அல்லது சாரியான், வாரிசுகள் எல்லாருடைய அடையாள அட்டை, திருமண மற்றும் பிறப்புச் சான்றிதழ்கள் தேவை. தாத்தா பெயரே இன்னும் கிரானில் இருந்தால் இரண்டு தலைமுறைக்கும் சேர்த்துச் சான்றிதழ் தேட வேண்டிவரும்; பழைய பிறப்புச் சான்றிதழில் பெயர் எழுத்து மாறியிருந்தால் சத்தியப் பிரமாணம் கேட்பார்கள். இந்த வேலைக்கு மாதக் கணக்கில் ஆகும், ஆனால் வரி பாக்கிக்காக இதை நிறுத்தி வைக்காதீர்கள், இதற்காக வரியையும் நிறுத்தாதீர்கள்.

எல்எச்டிஎன்: பொருளுக்கு முன் பாஸ்போர்ட்

வருமான வரி பாக்கிக்கு அதிகாரிகள் நேராக வந்து சோபாவைத் தூக்கிப் போக மாட்டார்கள். 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் அவர்கள் கையில் இருக்கும் கருவிகள் வேறு.

முதலில் அபராதம். சம்பளக்காரர்களுக்கு ஏப்ரல் 30, வியாபாரம் செய்பவர்களுக்கு ஜூன் 30. அதற்குள் கட்டாத தொகை மீது 10 விழுக்காடு ஏறும். அடுத்து, நீங்கள் சம்பளக்காரர் என்றால் முதலாளிக்கு சிபி38 என்ற உத்தரவு போகலாம். மாதாந்திரப் பிடித்தத்துக்கு மேல் இன்னொரு தொகையைச் சம்பளத்திலிருந்து பிடித்து அனுப்ப வேண்டும். முதலாளி பிடிக்காவிட்டால் அவரே பொறுப்பு. அதனால் மேலாளரிடம் கெஞ்சிப் பயனில்லை. மாதத் தொகை தாங்க முடியாவிட்டால் எல்எச்டிஎன் கிளையில்தான் குறைக்கக் கேட்க வேண்டும்.

பிறகு 104-ஆவது பிரிவு, பயணத் தடை. இதற்கு நீதிமன்றத் தீர்ப்பு தேவையில்லை. கேஎல்ஐஏ-விலோ பினாங்கு விமான நிலையத்திலோ குடிநுழைவுக் கவுண்டரில்தான் பலருக்கு இது தெரியவரும். பின்னால் குடும்பமே தமிழ்நாட்டுக் கல்யாணத்துக்குக் கிளம்பி நிற்கும். குடிநுழைவு இலாகாவின் எஸ்எஸ்பிஐ என்ற இணையச் சேவையில் அடையாள அட்டை எண்ணைப் போட்டு முன்கூட்டியே பார்க்கலாம். தடை இருந்தால் கிளையின் வசூல் பிரிவில் கட்டவோ, அவர்கள் ஏற்கும் உத்தரவாதம் கொடுக்கவோ வேண்டும். தடை நீக்கச் சான்று குடிநுழைவுக்குப் போய்ச் சேர அவகாசம் வேண்டும். ஆகவே பயண நாளுக்கு முதல் நாள் கட்டிவிட்டு ஓடாதீர்கள்.

மூன்றாவது வழக்கு. தொகையைப் பொறுத்து ஒரு லட்சம் ரிங்கிட் வரை மாஜிஸ்திரேட், 10 லட்சம் வரை செஷன்ஸ், அதற்கு மேல் உயர் நீதிமன்றம். சம்மன் கிடைத்த 14 நாளுக்குள் பதிலளிப்பதாகப் பதிவு செய்யாவிட்டால் எதிர்வாதமின்றித் தீர்ப்பாகிவிடும். இங்கே ஒரு கடினமான உண்மை: 106-ஆவது பிரிவின்படி, வரி அதிகம், கணக்கு தவறு, மேல்முறையீடு நடக்கிறது என்ற எந்த வாதத்தையும் அந்த நீதிமன்றம் கேட்காது. ஆகவே சண்டையை அங்கே போடுவதற்குப் பதில், மதிப்பீட்டு நோட்டீஸ் வந்த 30 நாளுக்குள் போராங் கியூ கொடுத்து மேல்முறையீடு செய்திருக்க வேண்டும். 30 நாள் கடந்திருந்தால் போராங் என் மூலம் கால நீட்டிப்புக் கேட்கலாம். நோய், வெளிநாட்டில் இருந்தது போன்ற காரணங்களுக்கு ஆவணம் வேண்டும்.

கடையை மூடிய சிறு வியாபாரிகளுக்கு இது அடிக்கடி நேர்கிறது. வியாபாரம் இல்லை, ஆகவே வருமான வரிப் படிவமும் அனுப்பவில்லை. எல்எச்டிஎன் பழைய ஆண்டுகளை வைத்து ஒரு வருமானத்தை மதிப்பிட்டு நோட்டீஸ் அனுப்பிவிடும். அந்தத் தொகை உண்மையில்லை என்றாலும் 30 நாளில் மறுக்காவிட்டால் கடன்தான். செய்ய வேண்டியது, விட்டுப்போன ஆண்டுகளின் படிவங்களை நிரப்பிக் கணக்கோடு கொடுத்துவிட்டு, போராங் கியூவும் சேர்த்துக் கொடுப்பது. சென்டிரியான் பெர்ஹாட் நிறுவனத்தை மூடியவர்களும் கவனிக்க: நிர்வாகத்தில் இருந்து, 20 விழுக்காடோ அதற்கு மேலோ பங்கு வைத்திருந்த இயக்குநரிடம் நிறுவனத்தின் வரியைக் கேட்கலாம்.

தீர்ப்புக்குப் பிறகுதான் சொத்து வருகிறது. பொருள்களைப் பறித்து விற்கும் ரிட், வங்கிக் கணக்கில் உள்ள பணத்தைப் பிடிக்கும் கார்னிஷீ உத்தரவு, வீட்டை விற்கத் தடையும் பிறகு ஏலமும், கடன் ஒரு லட்சம் ரிங்கிட்டுக்குக் குறையாவிட்டால் திவால் மனு. இபிஎஃப்-இல் (ஊழியர் சேமநிதியில்) உள்ள பணத்தை இப்படிப் பிடிக்க முடியாது. ஆனால் எடுத்து வங்கியில் போட்ட அன்றே அந்தப் பாதுகாப்பு போய்விடும். தவணை பேசாமல், இபிஎஃப் பணத்தை எடுத்து வங்கியில் வைத்துவிட்டு யோசிப்பது மிக மோசமான வரிசை.

"ஆறு வருஷம் ஆச்சுன்னா கடன் செத்துடும்" என்ற பேச்சைக் காப்பிக் கடையில் கேட்டிருப்பீர்கள். தனியார் கடனுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். அரசாங்கம் வரிக்காகப் போடும் வழக்குக்குக் காலவரம்புச் சட்டம் பொருந்தாது.

போலி அழைப்பு

"எல்எச்டிஎன்-இலிருந்து பேசுகிறோம், உங்கள் பெயரில் வாரான் இருக்கிறது, இந்தக் கணக்குக்குப் பணம் மாற்றுங்கள்" என்று அழைப்பு வந்தால் வைத்துவிடுங்கள். எல்எச்டிஎன்-க்கான பணம் தனிநபர் வங்கிக் கணக்குக்கு ஒருநாளும் போவதில்லை. அழைப்பை "போலீஸ்காரருக்கு" மாற்றிக் கொடுத்தால் அது இன்னும் உறுதியான அடையாளம். எல்எச்டிஎன்-இன் மைடேக்ஸ் தளத்தில் நீங்களே நுழைந்து பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். பணம் ஏற்கெனவே போய்விட்டால் உடனே மோசடிப் புகார்களுக்கான தேசிய மையத்தின் 997 எண்ணுக்கு அழையுங்கள், உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் நிறுத்துவதே ஒரே வாய்ப்பு.